"மைல்ட் ஹைபிரிட்" காருக்கு ஒரு சொல்: மின்துணை

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

"மைல்ட் ஹைபிரிட்" என்பது பெற்றோல் எஞ்சினுக்கு ஒரு சின்ன மின்மோட்டர் கைகொடுக்கும் கார். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நாங்கள் பேசிவருவதில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: மென்கலப்பு, இலேசுக் கலப்பினம், பகுதிக் கலப்பு. மூன்றிலும் எனக்கு ஒரே குறைதான் தெரிகிறது. கலப்பு எவ்வளவு என்று அவை சொல்கின்றன. அந்த மோட்டர் காரில் என்ன வேலை பார்க்கிறது என்று சொல்லவில்லை. வாங்குபவருக்கும் கராஜில் நிற்பவருக்கும் தெரியவேண்டியது இரண்டாவதுதான். அதனால் "மின்துணை" என்ற சொல்லை முன்வைக்கிறேன்: மின்துணைக் கார், மின்துணை எஞ்சின். முன்பு இதைச் சொன்னபோது நண்பர்கள் எழுதிக் கேட்டவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். சுசுகி ஹஸ்லரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஒழுங்கைகளுக்குள் அடக்கமாகப் போய்வரக்கூடிய சின்னக் குரொஸ்ஓவர், அதாவது உடலைச் சற்று உயர்த்திக் கட்டிய கார். 2020 இல் வந்த இரண்டாம் தலைமுறையில், ரேர்போ (turbo) இல்லாத 660 சிசி எஞ்சினின் உச்ச வலு 36 கிலோவாற்று. கூட இருக்கும் மின்மோட்டரின் வலு 1.9 கிலோவாற்று, முறுக்கம் 40 நியூட்டன் மீற்றர். எஞ்சினின் வலுவில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு.

பொனற்றைத் திறந்தால் இது கண்ணுக்கே தெரியும். வழக்கமான காரில் மின் பிறப்பிக்கும் ஓல்ற்றனேற்றர் இருக்கும் இடத்தில் அதைவிடச் சற்றுப் பெருத்த ஒன்று பூட்டியிருக்கும். பெல்ட்டும் அதேபோல எஞ்சினின் கப்பியைச் சுற்றித்தான் ஓடுகிறது. சாதாரண பெல்ட்டில் ஒரு பக்கம் எப்போதும் இறுக்கம், மற்றப் பக்கம் தளர்வு. இதில் மோட்டர் எஞ்சினை இழுக்கும்போது ஒரு பக்கம் இறுகும், எஞ்சின் மோட்டரைச் சுற்றும்போது மறுபக்கம் இறுகும். இறுக்கும் கப்பியும் இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் விதமாகச் செய்யப்பட்டிருக்கும். சைக்கிள் டைனமோ சில்லு சுற்றும்போது வெளிச்சம் தரும். அதே டைனமோவுக்கு நாங்கள் மின்சாரம் கொடுத்தால் அது சில்லைச் சுற்றும் என்று வைத்துக்கொண்டால் வேலை விளங்கிவிடும்.

காலையில் திறப்பைத் திருகும்போது பழைய ஸ்ராட்டர்தான் "கிர்ர்" என்று எஞ்சினை எழுப்புகிறது. அதற்குப் பிறகு சந்தியில் நின்று எஞ்சின் தானாக ஓய்ந்து மறுபடி எழும்போது அந்தச் சத்தம் இல்லை. பெல்ட் வழியாக மோட்டர் சுற்றிவிடுகிறது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் இந்த வேறுபாட்டைக் காதாலேயே பிடிக்கலாம். வேகம் குறையும்போது சக்தியை மின்னாக்கிச் சேமிப்பது ஒரு வேலை. நின்ற எஞ்சினைச் சத்தமில்லாமல் எழுப்புவது இரண்டாவது. வேகம் கூட்டும்போது எஞ்சினோடு சேர்ந்து கொஞ்ச நேரம் தள்ளிவிடுவது மூன்றாவது. சேமிப்பது சின்ன லித்தியம் பற்றரியில். சுசுகி வாகன் ஆரில் அது முன்பயணியின் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. வழக்கமான ஈய அமிலப் பற்றரியும் தன் இடத்தில் அப்படியே இருக்கிறது.

மூன்று வேலையிலும் மோட்டர் எஞ்சினை விட்டுத் தனியே பிரிந்து எதையும் செய்வதில்லை. பெல்ட் எஞ்சினோடு பிணைத்திருப்பதால் எஞ்சின் சுற்றாமல் மோட்டரும் சுற்றமுடியாது. ஆகவே இது துணை. தமிழ் இலக்கணத்தில் துணைவினை என்று ஒன்று வைத்திருக்கிறோமே, "வந்துவிட்டான்" என்பதில் "விடு" போல. முதல்வினை இல்லாமல் அந்த இடத்தில் அதற்கு வேலையில்லை. ஆனால் அது சேர்ந்தால் சொல்லின் போக்கே மாறுகிறது. இந்தக் காரின் மோட்டர் அப்படிப்பட்டது. பெயரும் அதையே சொல்லட்டும்.

இனி "கலப்பு" ஏன் வேண்டாம் என்பது. "கலப்பினம்" என்றால் எங்கள் கமக்காரருக்கு ரெட் லேடி பப்பாசி நினைவுக்கு வரும்: இரண்டு பெற்றோரின் இயல்பு ஒரே உடலில் கலந்து பிறந்தது. காரில் அப்படி எதுவும் கலக்கவில்லை. எஞ்சின் எஞ்சினாக, மோட்டர் மோட்டராகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. "கலப்பு" என்று மட்டும் சொன்னால் அதைவிடச் சிக்கல். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது துளி பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர் யாழ்ப்பாணம். அந்தத் தலைமுறையிடம் போய் "கலப்புக் கார்" என்றால் எதை எதோடு கலக்கிறது என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. எரிபொருளில் கலப்படம் என்ற பேச்சு இன்றும் பெற்றோல் செற்றில் இருக்கிறது.

அப்படியானால் முழு ஹைபிரிட்டுக்கு என்ன பெயர்? "இருவலு" என்கிறேன். எங்கள் பாடசாலைப் பௌதிகவியலில் வலு என்பது தெளிவான வரையறை உள்ள சொல். தமிழ்நாட்டில் அதைத் திறன் என்பார்கள். அங்குள்ளவர்களுக்கும் இருவலு என்றால் இரண்டு பலம் என்று பொருள் போய்ச்சேரும். இரசாயனத்தில் அணுவின் பிணைப்பு எண்ணிக்கையைக் குறிக்கும் வலுவளவு இருக்கிறதே என்று ஒரு ஆசிரியர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார். கார் என்ற சொல் பக்கத்தில் நிற்கும்போது அந்த மயக்கம் வராது. பிரியஸ், அக்குவா, எங்கள் வீதிகளில் நிறைய ஓடும் பழைய வெசல், இவையெல்லாம் இருவலு. மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் எஞ்சின் 73 கிலோவாற்று, மோட்டர் 60 கிலோவாற்று. அங்கே மோட்டர் துணைக்கு வந்த ஆள் இல்லை, சமபங்காளி. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தானே காரைக் கொண்டுபோகும்.

இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வேண்டும் என்பதற்கு ஆகச் சிறந்த சாட்சி இந்தியாவில் 2022 இல் வந்த மாருதி சுசுகி கிராண்ட் வித்தாரா. ஒரே உடல், ஒரே பெயர். ஒன்றில் 1462 சிசி எஞ்சினும் 12 வோல்ற்று மின்துணையும். இந்தியச் சோதனை அளவின்படி அதன் சிறந்த வகை லீற்றருக்கு 21.11 கிலோமீற்றர். மற்றதில் ரொயோட்டாவின் 1490 சிசி எஞ்சினும் 59 கிலோவாற்று மோட்டரும். அதே அளவில் லீற்றருக்கு 27.97 கிலோமீற்றர். இரண்டையும் பார்த்து "ஹைபிரிட்" என்று ஒரே சொல்லைச் சொல்லி ஒருவர் விற்றால், வாங்குபவர் எதை வாங்குகிறார் என்று எப்படித் தெரியும்? இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்த பிறகு எங்கள் ஊரிலும் இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. "ஹைபிரிட் எண்டால் பற்றரிக்கு லட்சக்கணக்கில போகுமே" என்று மின்துணைக் காரைக் கண்டு பயப்படுகிறவரும் இருக்கிறார். "பெற்றோல் இல்லாமலும் கொஞ்சத் தூரம் ஓடும்" என்று நம்பி வாங்கியவரும் இருக்கிறார். இருவருக்கும் தேவைப்பட்டது ஒரு சரியான சொல்.

கராஜில் இது இன்னும் முக்கியம். நான் படிப்பிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது செம்மஞ்சள் வயரைப் பற்றித்தான். இருவலுக் காரில் உயர் மின்னழுத்த வயர்கள் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். பிரியஸின் பற்றரி 201.6 வோல்ற்று, முறைப்படி இணைப்பைத் துண்டிக்காமல் கைவைத்தால் ஆளைக் கொல்லும். 12 வோல்ற்று மின்துணையில் அந்த வயரும் இல்லை, அந்த ஆபத்தும் இல்லை. ஐரோப்பாவில் விற்ற வித்தாராவில் 48 வோல்ற்று மின்துணை இருக்கிறது. மோட்டர் 10 கிலோவாற்று. ஏன் 48? 10 கிலோவாற்றை 12 வோல்ற்றில் கொடுப்பதென்றால் 800 அம்பியருக்கு மேல் ஓடவேண்டும். வயர் விரல் தடிப்பில் வேண்டியிருக்கும். 48 வோல்ற்றில் ஏறக்குறைய 200 அம்பியர் போதும். நேரோட்டத்தில் 60 வோல்ற்றுக்குக் கீழே நின்றுகொண்டால் உயர் அழுத்தத்துக்கான கடும் பாதுகாப்பு ஏற்பாடுகளும் தேவைப்படாது. ஆகவே "12 வோல்ற்று மின்துணை", "48 வோல்ற்று மின்துணை" என்று எண்ணைச் சேர்த்துச் சொன்னாலே போதும். வேறு பெயர் தேட வேண்டியதில்லை. வேலைத்தள அட்டையில் "மின்துணை" அல்லது "இருவலு" என்று ஒரு சொல் எழுதியிருந்தால், பிள்ளை கையுறை போடவேண்டுமா இல்லையா என்று உடனே தெரிந்துகொள்ளும். மானிப்பாயில் இருந்துகொண்டு அமெரிக்க மிஷன் மருத்துவர் சமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தது நோயாளியைத் தொட்டு வேலை செய்யப்போகிற பிள்ளைகளுக்காக. கலைச்சொல் அப்படிக் கைக்கு உதவவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

கொக்குவில் தம்பி ஒரு வலுவான எதிர்வாதம் எழுதியிருந்தார்: "2017 வாகன் ஆர் எஞ்சின் நிண்டபடியே நகருதே, அப்ப துணை எண்டு எப்பிடிச் சொல்லுறது?" தம்பி சொல்வது உண்மை. அந்த மாதிரியில் மோட்டர் 2.3 கிலோவாற்று. நின்ற காரின் பிறேக்கை விட்டால், எரிபொருள் இல்லாமல் மோட்டரின் பலத்தில் மட்டும் அதிகபட்சம் 10 செக்கன் ஊரும். ஆனால் அப்போதும் பெல்ட் எஞ்சினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எஞ்சின் எரியவில்லை, அவ்வளவுதான். அக்சிலேற்றரில் கால் பட்டதும் எஞ்சின் எரியத் தொடங்கிவிடும். ஊர்வதை ஓடுவது என்று கணக்கெடுக்க முடியாது. இருந்தாலும் வரையறையில் இதைச் சேர்க்கவேண்டும் என்று தம்பி கேட்பது சரி. இப்படி எழுதலாம்: "எஞ்சினோடு இணைந்து சுற்றி அதற்கு வலு சேர்ப்பதும், வேகம் குறையும்போது மின் பிறப்பிப்பதுமான மோட்டரை உடைய, ஆனால் அந்த மோட்டரால் மட்டும் வீதியில் ஓடமுடியாத வாகனம்."

மானிப்பாய் ஐயா "துணைமின்" என்று மாற்றிப் போடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் ஐயா. துணை மின்நிலையம் ஏற்கனவே வழக்கில் இருக்கிறது. அங்கே துணை என்பது மின்நிலையத்தைச் சிறிதாக்கும் அடைமொழி. "மின்துணை" என்னும்போது மின்சாரம் துணை நிற்கிறது என்ற பொருள் நேராக வருகிறது. மிதிக்கும்போது மட்டும் மோட்டர் உதவும் சைக்கிளுக்கும் இதே சொல் பொருந்தும்: மின்துணைச் சைக்கிள். ஸ்ரியறிங்கை இலகுவாக்கும் மோட்டருக்கும் பொருந்தும்: மின்துணை ஸ்ரியறிங். ஒரு சொல் இப்படித் தன்னைப்போல மற்ற இடங்களுக்கும் நடந்துபோனால் அது பிழைக்கும் என்று நம்புகிறேன்.

ஓட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். மின்துணைக் காரின் இலாபம் நின்று நின்று போகிற ஓட்டத்தில்தான். யாழ் நகருக்குள் அது தெரியும். ஏ9 வீதியில் ஆனையிறவு தாண்டி ஒரே வேகத்தில் போகும்போது நிற்பதும் இல்லை, வேகம் குறைப்பதும் குறைவு. மீட்க சக்தி இல்லை. எதிர்க்காற்று அடித்தாலும் மோட்டர் தொடர்ந்து தள்ளிக்கொண்டிருக்காது. 2017 வாகன் ஆரில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 30 செக்கன். இன்னொன்று, எங்கள் சித்திரை வெயிலில் எஞ்சின் ஓய்ந்தால் ஏசியின் கொம்பிரசரும் ஓய்ந்துவிடும், அது எஞ்சின் பெல்ட்டில் ஓடுவதால். கொஞ்ச நேரத்தில் உள்ளே வெக்கை ஏற, எஞ்சின் தானே எழும்பிவிடும். பிரியஸில் கொம்பிரசரும் மின்சாரத்தில் ஓடுவதால் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே ஜப்பானிய விபரத்தாளில் போட்ட எரிபொருள் கணக்கை இங்கே அப்படியே எதிர்பார்க்க வேண்டாம்.

"குரொஸ்ஓவர்" என்பதற்கும் சொல் கேட்டிருந்தார்கள். அதைத் தொடாமல் விடுவோம் என்பது என் கருத்து. காரின் உடலைச் சற்று உயர்த்திக் கட்டியது என்பதற்கு மேல் அதற்கு உறுதியான எல்லை இல்லை. ஒரு நிறுவனம் குரொஸ்ஓவர் என்பதை இன்னொன்று வேறு பெயரில் விற்கிறது. எல்லை இல்லாத பொருளுக்குக் கலைச்சொல் ஆக்கினால் சொல்தான் கெட்டுப்போகும்.

பெல்ட்டில் ஓடும் அந்த மோட்டருக்குத் "தொடக்கிப் பிறப்பாக்கி" என்று வைக்கலாம். தொடக்கி, பிறப்பாக்கி இரண்டும் எங்கள் பாடநூல்களில் பழகியவை. செருகி மின்னேற்றும் வகைக்குச் "செருகு இருவலு" என்று நினைத்திருக்கிறேன். "செருகு" கொஞ்சம் கரடாகக் கேட்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிகளில் படிப்பிக்கிறவர்கள் இதைவிட வாய்க்கு வசதியான சொல் வைத்திருந்தால் எழுதுங்கோ.