அல்ஸ்டர்-ஸ்காட்ஸ் முகமை: மொழிக்கு உரிய பங்கு கிடைக்கிறதா?

மொழிநேயன் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். வட அயர்லாந்தில், ஸ்காட்லாந்துக் குடியேறிகள் வழிவந்த அல்ஸ்டர்-ஸ்காட்ஸ் மொழிக்கெனப் பொதுப்பணத்தில் இயங்கும் முகமையைப் பற்றிப் படித்து வருகிறேன். அது நிதியுதவி செய்யும் பணிகளில் பைப் (ஊதுபை) இசைக்குழுக்கள், ஃபிடில் (வயலின்) வகுப்புகள், ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட் நடனம், கோடைப் பள்ளிகள் ஆகியவையே முதலில் கண்ணில் படுகின்றன. மொழி வளர்ச்சிக்காக அமைந்த ஒரு நிறுவனம் இசைக்கும் நடனத்துக்கும் இவ்வளவு இடம் கொடுப்பது முறைதானா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வடகரை:
சட்டப்படி அது முறைதான். வட அயர்லாந்து மோதலை முடிவுக்குக் கொண்டுவந்த 1998-ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்படிக்கையின் தொடர்ச்சியாக, 1999 டிசம்பரில் அயர்லாந்துத் தீவு முழுமைக்குமான ஒரு மொழி அமைப்பு உருவானது. ஐரிஷ் மொழிக்கான ஃபோரஸ் நா கெய்ல்கே அதன் ஒரு பிரிவு, அல்ஸ்டர்-ஸ்காட்ஸ் முகமை மற்றொரு பிரிவு. மொழியின் பயன்பாட்டை வளர்ப்பதும் பண்பாட்டைப் பரப்புவதும் சேர்த்தே முகமையிடம் ஒப்படைக்கப்பட்டன. செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கை வட அயர்லாந்தும் கால் பங்கை அயர்லாந்துக் குடியரசும் ஏற்கின்றன. ஐரிஷ் பிரிவுக்கு இந்த விகிதம் அப்படியே தலைகீழ். பெல்ஃபாஸ்டில் மட்டுமன்றி, எல்லைக்கு அப்பால் டோனிகாலில் உள்ள ராஃபோவிலும் முகமைக்கு அலுவலகம் உண்டு.

நூலகவாசி:
வடகரை சொல்வது சரியே. ஆனால் சட்டம் இடம் தருகிறது என்பதனாலேயே முன்னுரிமை சரியாகிவிடாது என்பது என் உறுதியான கருத்து. பள்ளியில் முரசு கற்ற சிறுவர்கள் அடுத்த ஆண்டே மேடையேறிவிடுவார்கள். மொழிப்பணிக்கு அத்தகைய உடனடிப் பலன் கிடையாது. இம்மொழிக்கு எல்லோரும் ஏற்ற எழுத்துமுறை இன்னும் நிலைபெறவில்லை. அதனால், அரசு ஆவணங்களை அல்ஸ்டர்-ஸ்காட்ஸில் பெயர்த்தபோது, வீட்டில் அதைப் பேசுவோருக்கே அந்த நடை அந்நியமாக இருக்கிறது என்ற குறை எழுந்தது. ராபர்ட் கிரெக் என்ற மொழியியலாளர், ஆன்ட்ரிம், டவுன், டெர்ரி, டோனிகால் ஆகிய பகுதிகளின் நாட்டுப்புற மக்களுடைய பேச்சை ஆராய்ந்து, அம்மொழி வழங்கும் எல்லைகளை வரைபடமாக்கினார். அந்த வகைக் களப்பணிக்குத்தான் முதல் பணம் போக வேண்டும், ஏனெனில் அப்பேச்சைப் பிறப்பிலிருந்தே பேசும் முதியவர்கள் மறைந்த பிறகு எவ்வளவு நிதி ஒதுக்கினாலும் அதை மீட்க இயலாது. இலக்கிய மரபும் எளிதானதன்று: பாலிகேரியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓர் (1770–1816) தறி நெய்துகொண்டே இம்மொழியில் கவிதை எழுதியவர், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த 1798 கிளர்ச்சியிலும் பங்கேற்றவர். அவரைப் போன்ற நெசவாளக் கவிஞர்களைப் பள்ளிப் பிள்ளைகள் உரக்கப் படித்துப் பழக வேண்டும்.

தென்றல்:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2001-இல், வட்டார, சிறுபான்மை மொழிகளைக் காக்கும் ஐரோப்பிய மொழிச் சாசனத்தைப் பிரிட்டன் ஏற்றபோது, ஐரிஷ் மொழிக்கு விரிவான கடமைகள் கொண்ட மூன்றாம் பகுதியும் பொருந்தியது. அல்ஸ்டர்-ஸ்காட்ஸுக்குப் பொதுநோக்கங்களைச் சொல்லும் இரண்டாம் பகுதி மட்டுமே கிடைத்தது. 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டுக்கும் தனித்தனி ஆணையர்களை ஏற்படுத்தியது. அதிலும் அல்ஸ்டர்-ஸ்காட்ஸ் ஆணையரின் பொறுப்பு மொழி, கலை, இலக்கியம் மூன்றையும் தழுவுகிறது. அல்ஸ்டர் பிரிட்டிஷ் மரபும் (அங்கே பிரிட்டிஷ் அடையாளம் கொண்டோரின் பண்பாடு) அவரிடமே சேர்க்கப்பட்டுள்ளது. ஆகவே நீங்கள் கேட்ட சிக்கல் புதிய பதவிக்குள்ளும் நுழைந்துவிட்டது. மொழியில் ஓரளவேனும் திறன் உள்ளதாகச் சொன்னோர் 2011 கணக்கெடுப்பில் 8.1 விழுக்காடு, 2021-இல் 10.4 விழுக்காடு. இதில் புரிந்துகொள்ள மட்டும் தெரிந்தவர்களும் அடங்குவர். அவர்களைப் பேசவைக்கும் வகுப்புகளுக்கென, இசை நிதியோடு கலவாத தனி ஒதுக்கீட்டை முகமை அறிவிக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.