தாடை எலும்பு எப்படிக் காதுக்குள் போனது?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
பாலூட்டிகள் உருவான கதையைச் சொல்லும் புத்தகம் ஒன்று வாசிக்கிறேன். நம் முன்னோரின் தாடை மூட்டில் இருந்த எலும்புகள்தான் பிறகு நடுக்காதுக்குள் போயின என்று அதில் இருக்கிறது. மெல்ல உதவிய எலும்பு கேட்க ஆரம்பித்தது எப்படி? யாராவது புரியும்படி சொல்லுங்களேன்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
அந்த எலும்புகள் தாடையில் இருந்தபோதே ஒலி அதிர்வைக் கடத்தின அக்கா. பல்லைத் தாங்கும் எலும்பு பெரிதாகி மண்டையோட்டோடு புதிய மூட்டு போட்டதும் பழைய மூட்டின் இரண்டு எலும்புகளும் சிறுத்துச் சிறுத்து, காதுக்குள் சுத்தி, பட்டடை என்ற சிற்றெலும்புகள் ஆகிவிட்டன. இன்றும் மனிதக் கருவில் சுத்தி எலும்பு தாடைக் குருத்தெலும்பின் நுனியிலிருந்துதான் உருவாகிறது.

பதில் (கேப்டவுன்):
நம்ம தென்னாப்பிரிக்கக் கரூ பாலைநிலத்தையே பாருங்கள்! சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, பாலூட்டிகளுக்கு நெருங்கிய உறவான திரினாக்ஸோடான் என்ற விலங்கின் புதைபடிவம் அங்கே கிடைக்கிறது, அதன் கீழ்த்தாடையில் அந்தச் சிறு எலும்புகள் இன்னும் ஒட்டித்தான் இருக்கின்றன. அப்புறம் இன்னொன்று: மண் நிரம்பி இறுகிப்போன வளை ஒன்றை உடைக்காமலேயே எக்ஸ் கதிரால் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள், உள்ளே திரினாக்ஸோடானுக்குப் பக்கத்தில், விலா உடைந்து ஆறிக்கொண்டிருந்த ஒரு நீர்நில வாழ்வி! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

கேள்வி கேட்டவர்:
சரி, இப்போது புரிகிறது தம்பி. கரூ வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறோம், அடுத்த முறை பிள்ளைகளோடு இறங்கிப் பார்க்கப் போகிறேன்.