மோட்டர்ஹோம் உள்விளக்குகளை எல்இடிக்கு மாற்றியபின்: இரண்டு எரியவில்லை, ஒன்று அணையவில்லை, ரேடியோவில் இரைச்சல்

சாட்ஸ்வர்த்_சக்கரம் கேட்கிறார்:

வணக்கம். ஈஸ்டருக்கு டிராக்கன்ஸ்பர்க் பக்கம் கரண்ட் பாயின்ட் இல்லாத இடத்தில் நாலு ராத்திரி தங்க வேண்டும். அதற்குள் விளக்குகளைச் சரி செய்ய நினைக்கிறேன். வீட்டு பேட்டரி 105 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட், கூரையில் 100 வாட் சோலார்.

விளக்குகள்: கூரையில் ஜி4 (இரண்டு ஊசிக்கால் செருகும் வகை) ஹாலஜன் 10 வாட் நாலு, படுக்கைக்கு மேல் பிஏ15டி (அழுத்தித் திருப்பி மாட்டும் வகை) 10 வாட் இரண்டு, சமையல் மேடைக்கு மேல் 8 வாட் டியூப் இரட்டை, குளியலறையில் இரண்டு முனையும் கூம்பான 10 வாட் பல்பு ஒன்று. டியூபைத் தவிர மற்றதற்கெல்லாம் ஆன்லைனில் "12 வோல்ட் எல்இடி" என்று போட்டிருந்ததை வாங்கினேன்.

இப்போது நிலைமை: கூரையில் இரண்டு எரிகிறது, இரண்டு எரியவில்லை (அதே இடத்தில் ஹாலஜன் போட்டால் எரிகிறது). எரிந்த இரண்டில் ஒன்று மூன்றே வாரத்தில் போய்விட்டது. சார்ஜரைப் போட்டால் விளக்கு துடிக்கிறது. படுக்கை விளக்கு ஒன்று சுவிட்சை அணைத்தாலும் மின்மினி மாதிரி மினுக்குகிறது. விளக்கைப் போட்டால் லோட்டஸ் எஃப்எம் கேட்கவே முடியவில்லை, ஒரே இரைச்சல். குளியலறை பல்பு ஹோல்டரில் நிற்கவில்லை. டியூபை என்ன செய்வது?

மின்கம்பி_டர்பன்:

தம்பி, இதில் நாலைந்து தனித்தனி கோளாறு இருக்கிறது. ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

எரியாத இரண்டையும் ஹோல்டரிலிருந்து உருவி, அரைச் சுற்று திருப்பி மறுபடி செருகுங்கள். ஹாலஜனுக்கு பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை, அதனால் வண்டியில் ஒயர் போட்டவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே பிரிட்ஜ் (எந்தப் பக்கம் கரண்ட் வந்தாலும் சரியான பக்கம் திருப்பிவிடும் டயோடு இணைப்பு) இல்லாத எல்இடி ஒரு பக்கம்தான் எரியும். திருப்பினால் எரிந்துவிட்டது என்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால் ஹோல்டரைப் பாருங்கள். வருடக்கணக்கில் ஹாலஜன் சூட்டில் வெந்த ஹோல்டரில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், சில எல்இடிகளின் ஊசிக்கால் மெல்லியது, பிடிக்காது. டர்பன் உப்புக்காற்றுக்கு உள்ளே பச்சையும் பூத்திருக்கும். புது ஹோல்டர் போடுவதே சரி, கத்தியால் சுரண்டினால் பூச்சு போய் இன்னும் சீக்கிரம் களிம்பேறும்.

கை வைக்கும் முன் பியூஸைப் பிடுங்கிவிடுங்கள்.

அடுத்து மீட்டர் எடுத்து, விளக்கு ஹோல்டரிலேயே டிசி வோல்ட் அளந்து சொல்லுங்கள்: பேட்டரி மட்டும், எஞ்சின் ஓடும்போது, சார்ஜர் போட்டு, நடுப்பகல் வெயிலில். பிறகு சார்ஜர் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏசி வோல்ட் அளவுக்கு மாற்றி ஒரு தடவை. மலிவு மீட்டர் ஏசி அளவில் பொய் சொல்லும், மீட்டரின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றி வைத்தும் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால்தான் நம்பலாம்.

பீச்ரோடு_கேம்பர்:

அண்ணா, கேன்பஸ் பல்பு வாங்கிப் போடச் சொல்லுங்கள். துடிப்பு, மினுக்கல் எல்லாம் நின்றுவிடும்.

மின்கம்பி_டர்பன்:

வேண்டாம். கேன்பஸ் பல்பு காரின் வெளிவிளக்குக்கு, பல்பு போய்விட்டதாக டேஷ்போர்டில் எச்சரிக்கை வராமல் இருக்க. உள்ளே ஒரு ரெசிஸ்டர் வேண்டுமென்றே கரண்ட்டைத் தின்று சூடாகும். கரண்ட்டை மிச்சம் பிடிக்கத்தான் மாற்றுகிறோம், அதையே சூடாக வெளியே விடுவதா? மினுக்கல் நிற்கலாம், ஆனால் மூடிய ஃபிட்டிங்கில் அந்தச் சூடே எல்இடியைக் கொன்றுவிடும்.

சாட்ஸ்வர்த்_சக்கரம்:

திருப்பிப் போட்டதில் இரண்டும் எரிந்துவிட்டன, நன்றி அண்ணா. அளவுகள்: பேட்டரி மட்டும் 12.6, எஞ்சின் ஓடும்போது 14.3, சார்ஜர் போட்டு 14.4, நடுப்பகல் வெயிலில் 14.9. சார்ஜரோடு ஏசி அளவு 1.4, கம்பி மாற்றினாலும் அதேதான்.

மின்கம்பி_டர்பன்:

மூன்று வாரத்தில் பல்பு போனதற்குக் காரணம் அந்த 14.9தான். "12 வோல்ட்" என்பது வெறும் பெயர்.

விலை குறைந்த பல்பில் மூன்று எல்இடி தொடராக, கூட ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். மூன்று எல்இடிக்கும் சேர்த்து ஏறக்குறைய 9.3 வோல்ட் போகும். 12 வோல்ட் வந்தால் ரெசிஸ்டரின் பங்கு 2.7. 14.4 வந்தால் 5.1. எல்இடி தன் பங்கை அதிகம் கூட்டிக்கொள்ளாது, மிச்சமெல்லாம் ரெசிஸ்டர் தலையில். ஆகவே வோல்ட் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் கரண்ட் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. எஞ்சின் ஓடும்போது விளக்கு பளீரென்று எரிவதைப் பார்த்து மகிழாதீர்கள், பல்பு செத்துக்கொண்டிருக்கிறது.

துடிப்பு வேறு கதை. 1.4 வோல்ட் ஏசி என்றால் சார்ஜர் தரும் வோல்ட்டின் ஏற்ற இறக்க அலையை பேட்டரி அமுக்கவில்லை. பேட்டரி முனை கழன்றிருக்கும், அல்லது வெள்ளைப் பொடி பூத்திருக்கும். சார்ஜரை நிறுத்தி, மைனஸை முதலில் கழற்றி, வெந்நீரும் சமையல் சோடாவும் ஊற்றிக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசி. அதன்பின்னும் அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் பேட்டரியோ சார்ஜரோ போய்விட்டது. ஹாலஜன் இழை சூட்டிலேயே இதை மறைத்துவிடும், எல்இடி காட்டிக்கொடுத்துவிடும்.

பீனிக்ஸ்_அலைவரிசை:

ரேடியோ இரைச்சலுக்கு: பேட்டரியில் ஓடும் சின்ன எஃப்எம் ரேடியோ ஒன்றை எடுத்து, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு விளக்கின் பக்கத்திலும் கொண்டுபோங்கள். பல்பை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ரெசிஸ்டர் பல்பு இரைச்சல் போடாது. உள்ளே ஸ்விட்சிங் டிரைவர் (கரண்ட்டை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்துக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) இருப்பதுதான் போடும். விளக்குக்குப் போகும் ஒயர் அதற்கு ஏரியல். நீங்கள் வாங்கியதில் இரண்டு வகையும் கலந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

குற்றவாளி ஒன்றிரண்டுதான் என்றால், அந்த ஃபிட்டிங்கை ஒட்டியே பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரையும் சேர்த்து ஒரு கிளிப் ஃபெரைட்டில் (ஒயரில் மாட்டி இரைச்சலை அமுக்கும் காந்தப்பொருள் வளையம்) இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். ஒரு ஒயரை மட்டும் சுற்றினால் பிரயோஜனம் குறைவு.

மின்கம்பி_டர்பன்:

இங்கேதான் தம்பி முடிவெடுக்க வேண்டும். இரண்டு வழி.

ஒன்று, "10–30 வோல்ட் டிசி" என்று அச்சிட்ட பல்பாகப் பார்த்து வாங்குவது. 14.9 அதற்குத் தூசு. இரைச்சல் வந்தால் பீனிக்ஸ் சொன்ன மாதிரி அடக்க வேண்டும்.

இரண்டு, எனக்குப் பிடித்தது: பியூஸ் பெட்டியில் விளக்கு லைனுக்கு மட்டும் ஒரு 12 வோல்ட் ரெகுலேட்டர், 5 ஆம்பியர். பிறகு சாதாரண ரெசிஸ்டர் பல்பே போதும், இரைச்சலையும் ஒரே இடத்தில் அடக்கிவிடலாம். வாங்கும்போது "பக்-பூஸ்ட்" வகையா (வோல்ட்டைக் குறைக்கவும் கூட்டவும் தெரிந்ததா) என்று கேளுங்கள். குறைக்க மட்டும் தெரிந்த வெறும் பக் என்றால் ராத்திரி பேட்டரி 12.2க்கு இறங்கும்போது 11 சொச்சம்தான் தரும், விளக்கு மங்கும். உள்ளே வரும் பக்கம் 7.5 ஆம்பியர் பியூஸ். தண்ணீர் பம்ப் அதே லைனில் இருந்தால் பிரித்துவிடுங்கள், பம்ப் இழுக்கும் இழுப்புக்கு ரெகுலேட்டர் தாங்காது. ஹாலஜனும் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. 10 வாட்டில் ஒன்றே 0.8 ஆம்பியருக்கு மேல்.

மினுக்கும் படுக்கை விளக்கில், சுவிட்சுக்குள்ளே சின்ன அடையாள விளக்கு இருக்கிறதா? அதன் வழியாகக் கசியும் ஓரிரு மில்லிஆம்பியரே எல்இடிக்குப் போதும். விளக்கின் இரண்டு முனைக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர். அல்லது சாதாரண சுவிட்ச்.

அம்சிம்டோட்டி_அக்கா:

குளியலறை பல்புக்கு நீளம்தான் முக்கியம், வாட் இல்லை. பழையதை முனையிலிருந்து முனைவரை ஸ்கேலால் அளங்கள்: 31, 36, 39, 41 மில்லிமீட்டர் என்று வரும். உங்களுக்கு ஒரு அளவு குட்டையாக அனுப்பியிருப்பார்கள். தகட்டை உள்ளே வளைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள், சூட்டில் மறுபடி விரியும். இதுவும் எரியாவிட்டால் முனை மாற்றிப் போடுங்கள். அகலத்தையும் பாருங்கள், சிலது மூடியில் இடிக்கும்.

டியூபுக்கு: அந்த ஃபிட்டிங்குக்குள் இன்வர்ட்டர் இருக்கிறது, அது உயர் வோல்ட் ஏசி தருகிறது. அதில் எல்இடி டியூபைச் செருகாதீர்கள். இன்வர்ட்டரைக் கழற்றி, 12 வோல்ட் ஒயரை நேராக எல்இடி ஸ்ட்ரிப்புக்குக் கொடுங்கள். அலுமினியப் பட்டையில் ஒட்டி, 30 சென்டிமீட்டர் இரண்டு துண்டு. ஒரு மீட்டர் நீளத்துக்கு 4.8 வாட் வகை வெங்காயம் நறுக்கப் போதாது, 9.6 வாட் எடுங்கள். வெட்டும் கோடு மூன்று எல்இடிக்கு ஒன்று, அந்தக் கோட்டில் மட்டும் வெட்ட வேண்டும். ஸ்ட்ரிப்பும் ரெசிஸ்டர் வகைதான், ரெகுலேட்டரிலிருந்து வெளியே போகும் லைனில் சேருங்கள். பழைய டியூபில் பாதரசம் இருக்கிறது, உடைக்காமல் ஒப்படையுங்கள்.

நிறம் 2700–3000 கெல்வின் (மஞ்சள் கலந்த வெளிச்சம்). 6000 வாங்கினால் வண்டி கிளினிக் மாதிரி இருக்கும்.

சாட்ஸ்வர்த்_சக்கரம்:

பேட்டரி முனையைக் கழுவினேன், ஏசி அளவு 0.1க்கு வந்துவிட்டது, துடிப்பு இல்லை. குளியலறை பல்பு 41, வந்தது 39. ரெகுலேட்டர் வழியையே எடுக்கிறேன். இப்போது விளக்கு லைனில் 10 ஆம்பியர் பியூஸ். மாற்ற வேண்டுமா?

மின்கம்பி_டர்பன்:

பியூஸ் இருப்பது ஒயரைக் காக்க, பல்பைக் காக்க அல்ல. ஏற்றவே கூடாது, இறக்கலாம். முன்பு எல்லாம் எரிந்தால் 86 வாட், 7 ஆம்பியருக்கு மேல். நாலு மணி நேரத்துக்கு 29 ஆம்பியர்-மணி. லெட்-ஆசிட்டில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் உங்களுக்கு இருந்ததே 52தான், விளக்கே பாதியைத் தின்றிருக்கிறது. இனி 18 வாட் சொச்சம், 1.5 ஆம்பியர், நாலு மணி நேரத்துக்கு 6 ஆம்பியர்-மணி. ஆகவே 10ஐ எடுத்துவிட்டு அதே இடத்தில் 7.5 போடுங்கள், ரெகுலேட்டர் அதற்குப் பின்னால். வெளியே போகும் பக்கம் தனி பியூஸ் தேவையில்லை.

கிளம்பும் முன் ஒரு ராத்திரி வீட்டு வாசலிலேயே எல்லா விளக்கையும் நாலு மணி நேரம் எரியவிட்டு, ரெகுலேட்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் திறந்த இடத்துக்கு மாற்றுங்கள், மெத்தைக்கு அடியில் வேண்டாம்.