மை அழிப்பா, மை களைவா, மை நீக்கமா?

அழகாபுரம், சேலம்:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். அச்சிட்ட ஜவ்வரிசிப் பாக்கெட் ஃபிலிமைக் கழுவிக் குருணையாக்கும் பட்டறை ஒன்றுக்குக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'டீஇங்கிங்' (ஃபிலிமிலிருந்து அச்சு மையை அகற்றும் வேலை) என்பதை முதலில் 'மை அழிப்பு' என்றே எழுதியிருந்தேன். ஆனால் பரப்பு இயங்கி (சோப்பு போன்ற பொருள்) கலந்த கார நீரில் நறுக்கிய ஃபிலிமைப் போட்டுக் கலக்கும்போது, மை அழிவதில்லை. செதில் செதிலாகக் கிளம்பி நீரோடு போய், வடிகட்டியில் கரிய சேறாகத் தங்கிவிடுகிறது. தேர்தல் மையை 'அழியா மை' என்று சொல்லிப் பழகிய நமக்கு இங்கே எந்தச் சொல் பொருந்தும்?

ஏற்காடு:
'மை' என்பதற்கே கருமை என்றுதான் பொருள். ஃபிலிமில் அடித்தளமாக அடிப்பதோ வெள்ளை. அதை 'வெண்மை' என்று சேர்த்து எழுதினால் மை பண்புப்பெயர் விகுதியாகிவிடும்! 'இடுக்கண் களைவதாம் நட்பு' என்று குறள் ஆள்வதால், பயிரை விட்டுக் களையை மட்டும் எடுப்பதுபோல, 'மை களைவு' என்பதே தகும்.

செவ்வாய்ப்பேட்டை:
ஐயா, அச்சகத்தில் 'மை பிடிக்கவில்லை' என்றுதான் சொல்கிறோம். ஃபிலிம் செய்யும் பாலிஎத்திலீனின் பரப்பு ஆற்றல் (மை பரவிப் பிடிக்க இடங்கொடுக்கும் அளவு) சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 31 டைன். கொரோனா மின்பொறியைப் பாய்ச்சி மேற்பரப்பில் ஆக்சிஜனை ஏற்றி, 38 டைனுக்காவது உயர்த்தினால்தான் மை பரவிப் பிடிக்கும். ரோல் நாள்பட்டுக் கிடந்தால் அந்த ஏற்றமும் இறங்கிவிடும். செல்லோடேப்பை ஒட்டி, கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்த்துச் சடக்கென்று இழுத்துப் பார்ப்போம். எழுத்து டேப்போடு வந்தால் அந்த ரோல் தேறாது. ஆகவே பிடிப்புக்கு எதிர்ச்சொல்லாக 'மை விடுப்பு' என்கலாமே? இரண்டு ஃபிலிமுக்கு நடுவே மை சிக்கியிருக்கும் லேமினேட்டில் கார நீர் எளிதில் மையை எட்டாது; முதலில் அடுக்கைப் பிரித்தாக வேண்டும் என்பதால், 'அடுக்குப் பிரிப்பு' என்று தனிச்சொல்லும் கையேட்டுக்குத் தேவைப்படும்.

அழகாபுரம், சேலம்:
'அடுக்குப் பிரிப்பு' அப்படியே ஏற்கப்பட்டது. 'மை விடுப்பு' என்று பலகை மாட்டினால், யாருக்கு எத்தனை நாள் விடுப்பு என்று கேட்பார்கள். 'களைவு' அழகுதான், ஆனால் பட்டறையில் படித்துக் காட்டியபோது மூவரில் இருவர் 'களைப்பா?' என்றார்கள். குழுவில் நால்வர் ஒப்பியதால் 'மை நீக்கம்' என்றே அச்சுக்கு அனுப்புகிறேன்.

ஏற்காடு:
விடுப்பு வேண்டாம் என்றவர்களுக்கு நீக்கம் மட்டும் இனிக்கிறதா? பணிநீக்க ஓலை வாங்கியவரிடம் அந்தப் பலகையைக் காட்டிப் பாருங்கள். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும்.