‘கிரவுண்ட் பேலன்ஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

தங்கம் தேடும் உலோகங்காணிக்கான (மெட்டல் டிடெக்டர்) வழிகாட்டி வரைவில் ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ என்பதற்கு ‘நிலச் சமநிலை’ என்று போட்டிருக்கிறோம். இதை மாற்றியாக வேண்டும்.

‘நிலச் சமன்’ என்றதும் உழவர் காதில் விழுவது டிராக்டரில் லேசர் லெவலர் கட்டி வயலை மட்டம் செய்யும் வேலை. அதைவிடப் பெரிய குறை, ‘சமநிலை’ ஒரு நிலையைச் சொல்கிறது. இங்கே நடப்பதோ செயல், அதுவும் ஒரு நாளில் பல தடவை செய்யவேண்டிய செயல். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டனோலி, டார்னகுல்லா, வெடர்பர்ன் ஊர்களைச் சுற்றிய தங்க முக்கோணத்தில் மண்ணில் இரும்புத்தாது மிகுதி. மேக்னடைட், மேகமைட் துகள்கள் நிறைந்த அந்தச் செம்மண்ணுக்கு அருகே சுருளை (கருவித் தண்டின் நுனியில் உள்ள வட்டத் தலை) கொண்டுபோனாலே, கீழே உலோகம் ஏதும் இல்லாமலே கருவி குரல் கொடுக்கும். அந்தக் குரலை அளந்து கழித்துவிட்டால்தான் தங்கத்தின் குரல் தனியாகக் கேட்கும். இருபது அடி தள்ளிப் போனால் மண் மாறும், கழிக்கவேண்டிய அளவும் மாறும். ‘சமநிலை’ என்று படிப்பவர் காலையில் ஒரு தடவை செய்துவிட்டு, அத்தோடு முடிந்தது என்று இருந்துவிடுவார்.

என் முன்மொழிவு: மண் சுழியாக்கம். ‘மண் நீக்கம்’ என்றும் யோசித்தேன். அது மண்வெட்டி வேலையாகக் கேட்கிறது.

---

> என் முன்மொழிவு: மண் சுழியாக்கம்.

ஐயா, ‘சுழியாக்கம்’ பிழையில்லை. ஆனால் மீட்டரின் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவதற்கும் அதே சொல் போதும். இங்கே கழிக்கப்படுவது கருவியின் பிசகு அல்ல, பொருளோடு சேர்ந்து வரும் வேறொன்றின் பங்கு. இதற்கு நம் கடைத்தெருவில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: தடை கட்டுதல். எண்ணெய்க் கடையில் காலித் தூக்கைத் தட்டில் வைத்து, எதிர்த்தட்டில் அதற்கு ஈடாகக் கல்லைப் போட்டுத் தடை கட்டிவிட்டு, அப்புறம்தானே எண்ணெயை ஊற்றி நிறுப்பார்கள்? மண்தான் தூக்கு, தங்கம்தான் எண்ணெய்.

இந்தச் சொல்லை நான் விரும்புவது அழகுக்காக அல்ல. களத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறை இந்தச் சொல்லே தடுக்கிறது. எண்ணெய் இருக்கும்போதே தூக்குக்குத் தடை கட்டினால் அந்த எண்ணெய் கணக்கிலிருந்து போய்விடும். அதேபோல் தங்கக் கட்டியின் மேலே சுருளை வைத்துக்கொண்டு இதைச் செய்தால் கருவி தங்கத்தையும் மண்ணோடு சேர்த்துக் கழித்துவிடும். ஆகவே முதலில் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுருளை வீசிப் பார்த்து, எந்தக் குரலும் வராத துப்புரவான இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ‘காலித் தூக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

ஆங்கிலத்திலும் இது ஒரே பெயரில் இல்லை. சில கருவிகளில் ‘கிரவுண்ட் கேன்சல்’. ஃபிஷர் கோல்ட் பக் 2-இன் குமிழில் எழுதியிருப்பது ‘கிரவுண்ட் ரிஜெக்ட்’. ‘பேலன்ஸ்’ என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு நாம் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

---

தடை கட்டுதல் அருமையான சொல். ஆனால் பெயர்ச்சொல்லாக்கி ‘மண்தடை’ என்று எழுதினால் ஆபத்து. ‘மின்தடை’ நம் பாடநூல்களில் ஊறிய சொல். ‘மண்தடை’ என்றால் எர்த்திங் கம்பியைச் சுற்றிய மண்ணின் மின்தடை என்றே மின்பணியாளர் எடுத்துக்கொள்வார். ‘தடைகட்டு’ என்று முழுச் சொல்லாக வைப்போம். ‘அணைக்கட்டு’ பெயர்ச்சொல்லாக நிற்கவில்லையா? அதுபோல ‘மண் தடைகட்டு’ நிற்கும்.

சொல்லை ஏற்பதற்கு முன் இரண்டு வகைக் கருவிகளிலும் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். அலைவகைக் கருவிகள் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஓயாமல் அலை அனுப்புபவை: கோல்ட் பக் 2-இல் 71 கிலோஹெர்ட்ஸ், மைன்லேபின் கோல்ட் மான்ஸ்டர் 1000-இல் 45. அதிர்வெண் உயர உயர அரிசிமணி அளவுத் தங்கம்கூடச் சிக்கும். கூடவே மண்ணின் இரைச்சலும் ஏறும். இவற்றில் மண்ணின் எதிர்வினை, அனுப்பிய அலைக்கு எவ்வளவு பின்தங்கி வருகிறது என்று பார்த்து அதைக் கழிக்கிறோம். கைக்குமிழ் உள்ளவற்றில், சுருளைத் தரைக்கு இரண்டு மூன்று செ.மீ. வரை இறக்கி, பதினைந்து இருபது செ.மீ. வரை ஏற்றி, இறக்கும்போதும் ஏற்றும்போதும் ஒலி மாறாமல் இருக்கும் இடத்தில் குமிழை நிறுத்துவது. சின்னத் தங்கம் தேடுபவர்கள், இறக்கும்போது மட்டும் இலேசாக ஒலி கூடும்படி ஒரு மயிரிழை விட்டுவைப்பார்கள். துணுக்குத் தங்கம் அப்போது சற்று எடுப்பாகக் கேட்கும்.

துடிப்புவகை வேறு. 1995-இல் வந்த மைன்லேப் எஸ்டி2000 முதல் ஜிபிஎக்ஸ் வரிசை வரை இந்த வகை. சுருளுக்கு மின்துடிப்பைக் கொடுத்து வெட்டென்று நிறுத்திவிட்டு, தரையிலிருந்து திரும்புவது எப்படித் தேய்கிறது என்று கேட்கும். சின்னத் தங்கம் சில மைக்ரோ நொடிகளில் அடங்கிவிடும். பெரிய கட்டி நேரம் எடுக்கும். மேகமைட் மண் தனக்கென்று ஒரு தேய்வு வைத்திருக்கிறது. அந்தத் தேய்வைக் கழிப்பதுதான் இங்கே தடைகட்டு. மண்ணைப் போலவே தேயும் ஒரு தங்கக் கட்டி இருந்தால் அதுவும் சேர்ந்து கழிந்துவிடும். உப்பு மண்ணில் இது நன்றாகத் தெரியும். மழை பெய்த உப்புத்தரையின் எதிர்வினை சின்னத் தங்கத்தைப் போலவே வேகமாக அடங்குவதால், உப்புக்குத் தடை கட்டினால் சின்னத் தங்கமும் போச்சு. எண்ணெய்க் கடை உவமை இங்கேயும் நிற்கிறது. என் வாக்கு ‘தடைகட்டு’க்கே.

எந்த வகையை வாங்குவது என்ற பகுதியில் ஒரு வரி சேர்க்கவேண்டும்: தங்கத்தைப் பார்த்து அல்ல, மண்ணைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடு. இரும்புத்தாது குறைந்து, ஆணியும் தகரமும் சிதறிக் கிடக்கும் பழைய சுரங்கக் குடியிருப்பில் இரும்பைப் பிரித்துச் சொல்லும் அலைவகை நல்லது. இரும்புத்தாது மிகுந்த செம்மண்ணில் அது ஓயாமல் கத்தும், அங்கே துடிப்புவகைதான்.

---

‘தடைகட்டு’ ஏற்கிறேன். உறவுச் சொற்கள்: கருவி தானாக மண்ணைத் தொடர்ந்தால் ‘தொடர் தடைகட்டு’, ஒரு தடவை பிடித்து நிறுத்தினால் ‘நிலைத் தடைகட்டு’, குமிழால் செய்தால் ‘கைத் தடைகட்டு’. தொடர் தடைகட்டில் ஒரு எச்சரிக்கை வேண்டும்: மெல்லிய குரல் கேட்ட இடத்தின் மேலேயே சுருளைத் திரும்பத் திரும்ப வீசினால், கருவி அதையும் மண் என்று எண்ணிக் கழிக்கத் தொடங்கும். குரல் தேய்ந்துகொண்டே போகும். ஆளும் ‘ஒன்றுமில்லை’ என்று நகர்ந்துவிடுவார். குரல் கேட்டதும் நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சொல்லும் மிச்சமிருக்கிறது. ‘த்ரெஷோல்ட்’ என்று ஓயாமல் மெலிதாக ஒலித்துக்கொண்டிருக்கும் இரைச்சலுக்கு வரைவில் ‘வாயில் ஒலி’ என்று இருக்கிறது. வேண்டாம். ஆழத்தில் கிடக்கும் தங்கம் தனிக் குரலாக வராது. அந்த ஒலியில் ஒரு சின்னப் பிசிறாக மட்டுமே வரும். தம்புராவைக் கேட்டுக்கொண்டே பாடுபவர் செய்வதுதான் இது. ‘சுருதி’ என்று வைப்போம். ‘சுருதி கலைந்தால் தோண்டு’ என்று எழுதினால் எந்த விளக்கமும் வேண்டாம்.

மண்ணுக்குத் தடை கட்டிய பிறகும் தனியாகக் கத்துகிற கற்களுக்கு ஆங்கிலத்தில் ‘ஹாட் ராக்’. ‘சூடான கல்’ கூடாது, ஏய்ப்புக்கல் என்போம். சுற்றியுள்ள மண்ணிலிருந்து தாது அளவு மாறுபட்ட கல், அவ்வளவே.

---

எல்லோருக்கும் நன்றி. புதிய சொற்களை வைத்து அமைப்புப் பகுதியைத் திருத்தியிருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்:

“சுருளின் கேபிளைத் தண்டோடு இறுகச் சுற்றவும், தொங்கினால் வீசும்போது பொய்க்குரல் வரும். சுருளின் அடிமூடியைக் கழற்றி உள்ளே தங்கிய இரும்புமண் தூளைத் துடைக்கவும். கைபேசியை அணைக்கவும், மின்கம்பிகளிலிருந்து விலகி நிற்கவும். முதலில் மின்னிரைச்சல் நீக்கம் (சுற்றியுள்ள மின் இடையூறை விலக்குவது), அது முடியும்வரை சுருளை அசைக்காமல் பிடிக்கவும். அதன்பின் துப்புரவான இடத்தில் மண் தடைகட்டு. பிறகு சுருதியைக் காதுக்கு மெலிதாகக் கேட்கும் அளவில் வைக்கவும். கடைசியாக உணர்திறன், சுருதி நடுங்கினால் நடுக்கம் நிற்கும்வரை குறைக்கவும். சுருளை மாற்றினாலும் மண்ணின் நிறம் மாறினாலும் திரும்பத் தடை கட்டவும். தூண்டில் ஈயக்குண்டு ஒன்றை ஐந்து செ.மீ. ஆழத்தில் புதைத்து, சுருதி கலைகிறதா என்று சரிபார்க்கவும். இரும்புமுனைக் காலணி வேண்டாம். கொத்தியைச் சுருளுக்கு எட்டாத தூரத்தில் வைக்கவும். விக்டோரியாவில் மைனர்ஸ் ரைட் அனுமதி கையில் இருக்கவேண்டும். தோண்டிய குழியை மூடவும்.”

‘மின்னிரைச்சல் நீக்கம்’ கொஞ்சம் நீளம். பொத்தானில் அடங்குமாறு சுருக்கமான சொல் யாரிடமாவது இருக்கிறதா?