திண்டுக்கல் ஆய்வு: அந்த 35 சதவீதம் எங்கிருந்து வந்தது?

கணக்குப்பிள்ளை:
நேற்று மருத்துவப் பகுதியில் சிறுமலை ஒரு பதிவு போட்டிருந்தார். “வெறும் வினிகரைத் தடவிப் பார்த்தே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவை 35 சதவீதம் குறைத்துக் காட்டியது எங்கள் திண்டுக்கல். உலகமே எங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது” என்று. கீழே வரிசையாகக் கைதட்டல். ஒருத்தராவது அந்த ஆய்வைத் திறந்து பார்த்தீர்களா? நான் பார்த்தேன். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பரிசோதனை செய்த பிரிவில் இந்த நோயால் இறந்தவர்கள் 83 பேர். செய்யாத பிரிவில் 92 பேர். வித்தியாசம் ஒன்பது. 92இல் ஒன்பது என்பது பத்து சதவீதம்கூட இல்லை. 35 எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் காட்டவும்.

சிறுமலை:
எதிர்பார்த்தேன். எங்கள் ஊருக்கு ஒரு நல்ல பெயர் வந்தால் சிலருக்குத் தூக்கம் வராது. பூட்டுக்கும் பிரியாணிக்கும் மட்டும்தான் திண்டுக்கல் என்று நினைப்பு. சார், அது “சும்மா தடவிப் பார்த்தது” இல்லை. 2000இல் தொடங்கியது. அம்பிளிக்கை மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பிரான்சில் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், எல்லாரும் சேர்ந்து செய்தது. 30 முதல் 59 வயதுப் பெண்கள். நர்ஸ்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். நீர்த்த அசிட்டிக் ஆசிடை, அதாவது அந்த வினிகரைத் தடவிச் சற்று நேரம் பொறுத்தால், கோளாறு உள்ள இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். தெரிந்தால் கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவி வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் அதே வருகையிலேயே கிரையோ செய்து அந்த இடத்தை உறையவைத்து அழித்துவிடுவார்கள். இதில் உங்களுக்கு என்ன பிரச்சினை?

கணக்குப்பிள்ளை:
பயிற்சி, கால்போஸ்கோப், லியோன் எல்லாம் சரி. நான் கேட்டது 83க்கும் 92க்கும் நடுவில் 35 சதவீதம் எங்கே என்று. அதற்கு மட்டும் பதில் வரவில்லை பாருங்கள்.

லேப்மீனா:
கணக்குப்பிள்ளை சார், இரண்டு பிரிவிலும் ஆள் எண்ணிக்கை ஒன்றா என்று பார்த்தீர்களா? பரிசோதனைப் பிரிவில் 49,311 பெண்கள். மற்றதில் 30,958. பெரிய கூட்டத்தில் 83 பேர், சின்னக் கூட்டத்தில் 92 பேர். நேராகக் கழிக்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
அப்படியா! குலுக்கல் முறையில்தானே பிரித்தார்கள்? குலுக்கினால் சமமாக வர வேண்டாமா? ஒரு பக்கம் ஐம்பதாயிரம், ஒரு பக்கம் முப்பதாயிரம். இது என்ன குலுக்கல்?

லேப்மீனா:
குலுக்கியது பெண்களை அல்ல, ஊர்க் குழுக்களை. மொத்தம் 114. இந்தப் பக்கம் 57, அந்தப் பக்கம் 57. எல்லா ஊரிலும் ஒரே அளவு ஜனமா இருக்கிறது?
இத்தனை பேரை இத்தனை வருடம் கண்காணித்தார்கள் என்று பெருக்கித்தான் வகுக்க வேண்டும். அந்தக் கணக்கில் இந்தப் பக்கம் 2,74,430 ஆண்டுகள், அந்தப் பக்கம் 1,78,781. அதாவது லட்சம் ஆண்டுக்குச் சுமார் 30 சாவு, எதிரே சுமார் 51. இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை:
மிக்க நன்றி மேடம். நீங்கள் கொடுத்த எண்ணையே கால்குலேட்டரில் போட்டேன். 51 என்பது 30 ஆனால் குறைவு 41 சதவீதம். 35 இல்லை. ஆக, என் கணக்கில் பத்து, சிறுமலை கணக்கில் 35, மீனா மேடம் கணக்கில் 41. ஒரே ஆய்வு, ஒரே மாவட்டம். நீங்கள் இரண்டு பேரும் முதலில் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். அதுவரை 83க்கு 92 அப்படியே நிற்கிறது.

தாராவித்தம்பி:
😂😂 பாயிண்ட்.

லேப்மீனா:
வயது, படிப்பு, ஊர்க் குழு வித்தியாசங்களையெல்லாம் சரிக்கட்டின பிறகு வருவதுதான் 35. நம்பிக்கை எல்லையும், அதாவது உண்மையான அளவு எதற்குள் இருக்கக்கூடும் என்ற வரம்பும், அதிலேயே இருக்கிறது: குறைவு 11இலிருந்து 53 சதவீதம் வரை இருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
11இலிருந்து 53 வரை “இருக்கலாம்”! அடுத்த முறை மழை வருமா என்று கேட்டால் நானும் இப்படியே சொல்கிறேன். இதை வைத்துக்கொண்டுதான் “உலகத்துக்கே வழிகாட்டி”யா?

தாராவித்தம்பி:
உலகத்துக்கு வழிகாட்டினது மும்பை. டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை 1998லேயே தொடங்கிவிட்டது. ஒன்றரை லட்சம் பெண்கள், எல்லாரும் குடிசைப் பகுதி. நர்ஸ்கூட இல்லை, பத்தாவது படித்த பெண்களுக்கு நாலு வாரம் பயிற்சி கொடுத்து அவர்களையே பார்க்க வைத்தார்கள். சாவு 31 சதவீதம் குறைந்தது. 2013இல் அமெரிக்காவின் பெரிய புற்றுநோய் மாநாட்டில் மேடையேறியது எங்கள் ஆய்வுதான்.

சிறுமலை:
தம்பி, 31 பெரிதா 35 பெரிதா? உங்கள் ஆய்வு அச்சில் வந்தது 2014. எங்களுடையது 2007. தொடங்கிவிட்டு உட்கார்ந்திருந்தால் முதலாவது ஆகிவிடுமா?

தாராவித்தம்பி:
அண்ணே, நாங்கள் நாலு சுற்றுப் பரிசோதனை செய்தோம். இரண்டு வருடத்துக்கு ஒரு தரம். நீங்கள் ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டீர்கள். அதைப் போய் ஒப்பிடலாமா?

சிறுமலை:
ஒரே தரத்தில் 35, நாலு தரத்தில் 31. நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

அகிலா:
இந்த இரண்டு மூன்று எண்களை வைத்து இவ்வளவு நேரமாக விளையாடுகிறீர்கள். அந்த 92 பேர் யார்? பரிசோதனை கொடுக்காமல், என்ன ஆகிறது என்று வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த ஏழைப் பெண்கள். பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு இப்படி ஒரு பிரிவு தேவையா? மும்பை ஆய்வில் பெண்களுக்கு எல்லாம் சரியாக விளக்கித்தான் சம்மதம் வாங்கினார்களா என்று அமெரிக்க அரசின் கண்காணிப்பு அலுவலகமே கேள்வி கேட்டது. இதில் யார் ஊர் முதல் என்று போட்டி. வெட்கமாக இல்லையா?

கணக்குப்பிள்ளை:
நானும் அந்த 92ஐத்தான் காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன் அம்மா. 92க்கு 83.

அகிலா:
நீங்கள் சொல்வது வேறு.

சிறுமலை:
அந்தக் காலத்தில் எங்கள் கிராமங்களில் பாப் ஸ்மியர் எங்கே இருந்தது? எடுக்க ஆள் இல்லை, ஸ்லைடைப் பார்க்க ஆள் இல்லை, ரிசல்ட் வருவதற்குள் அந்த அம்மா அடுத்த ஊர்க் களையெடுப்புக்குப் போயிருப்பார். இருந்ததைப் பிடுங்கவில்லையே. ஏசி அறையில் உட்கார்ந்து நியாயம் பேசுவது சுலபம்.

அகிலா:
என் அறையில் ஏசி இல்லை. “இல்லாத ஊரில் கொடுக்காமல் இருப்பது தப்பில்லை” என்பதுதான் உங்கள் நியாயம் என்றால் அதை நேராகச் சொல்லுங்கள்.

வெள்ளைச்சட்டை:
ஒஸ்மானாபாத் (இப்போது தாராசிவ்) ஆய்வை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். 2009இல் வந்தது. அங்கே எச்.பி.வி டெஸ்ட் (இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் சோதனை), பாப் ஸ்மியர், வினிகர் மூன்றையும் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் செய்யாத பிரிவில் 64 சாவு. எச்.பி.வி டெஸ்ட் செய்த பிரிவில் 34. வினிகர் பிரிவில் 56. வினிகரால் வந்த குறைவு புள்ளியியல்படி செல்லாது, தற்செயலாகக்கூட வந்திருக்கலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021 வழிகாட்டியில் எச்.பி.வி டெஸ்டை முதல் இடத்தில் வைத்தது. வினிகர் கதை முடிந்துபோன கதை.

தாராவித்தம்பி:
அதுவும் மகாராஷ்டிராதான். குறித்துக்கொள்ளவும்.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா! அங்கே வினிகர் தோல்வி, இங்கே 35. ஒரே வினிகர்.

லேப்மீனா:
ஒரே வினிகர்தான், பார்க்கும் கண் வேறு. கண்ணால் பார்த்துச் சொல்லும் டெஸ்டுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும்தான் உயிர். இடத்துக்கு இடம் முடிவு மாறுவதில் அதிசயம் இல்லை. இதை ஒருத்தர்கூடக் கவனிக்கப்போவதில்லை என்றும் தெரியும்.

பிஎச்சி_அக்கா:
நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். பிரஷர், சர்க்கரை பார்க்க வருகிறவர்களிடம் “அப்படியே இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னால், “எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு மாத்திரைச் சீட்டோடு நழுவுகிறார்கள். வெள்ளைப்படுதலோடு வருகிறவர்கள்கூட வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனால் திரும்புவதில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஒரு தரமாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் பத்து சதவீதத்துக்கும் கீழே. இந்தியா முழுக்க இரண்டுக்கும் கீழே. 35ஆ 41ஆ என்பதை நீங்கள் பேசிக்கொண்டிருங்கள்.

தாராவித்தம்பி:
பத்துக்கும் கீழேயா? வழிகாட்டி மாவட்டம் என்ன செய்துகொண்டிருந்ததாம்?

சிறுமலை:
அது மாநிலக் கணக்கு. மாவட்டக் கணக்கு இல்லை. படித்துவிட்டுப் பேசவும். தவிர, கணக்குப்பிள்ளை சார் எதற்கு இவ்வளவு கோபப்படுகிறார் என்று எனக்குத் தெரியும். போன வருடம் மண்பானைத் தண்ணீர் இழையில் அவர் சொன்ன பி.எச் மதிப்பை நான் தப்பென்று காட்டினேன். அன்றிலிருந்து நான் எது போட்டாலும் பின்னாலேயே வருகிறார்.

கணக்குப்பிள்ளை:
மண்பானை விஷயத்தில் நான் சொன்னது இன்றைக்கும் சரி. அந்த இழையை மட்டுறுத்துநர் பூட்டியதால் நீங்கள் தப்பித்தீர்கள். முப்பத்தோரு வருடம் கணக்கு நடத்தியவனுக்குச் சதவீதம் சொல்லித்தருகிறீர்கள்.

லேப்மீனா:
முப்பத்தோரு வருடமும் வகுத்தலை விட்டுவிட்டுக் கழித்தல் மட்டும்தான் நடத்தினீர்களா சார்?

கணக்குப்பிள்ளை:
தனிமனிதத் தாக்குதல். மட்டுறுத்துநர் கவனிக்கவும்.

அகிலா:
சம்மதம் பற்றிக் கேட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

மட்டுறுத்துநர்:
மண்பானை பற்றி இங்கே பேச வேண்டாம். லேப்மீனாவின் கடைசிப் பதிவில் விதிமீறல் எதுவும் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை:
தெரியாது. இங்கே சிலருக்கு மட்டும் எதுவும் தெரியாது. சரி, நாளைக்கு மும்பை ஆய்வைத் திறக்கிறேன். தாராவித்தம்பி சிரித்தாரே, அவர் 31க்கும் கணக்கு இருக்கிறது. அதற்கு முன்னால் சிறுமலை ஒரு வரியில் பதில் சொல்லட்டும்: 92இல் 83 போனால் எத்தனை?

சிறுமலை:
49,311ஐ 30,958ஆல் வகுத்துவிட்டு வாருங்கள், சொல்கிறேன்.

தாராவித்தம்பி:
என் 31ஐத் தொடாதீர்கள் சார். அது வேறு இழை.