இழுத்தடிக்கும் மழையும் ஓர் ஸ்காட்ஸ் சொல்லும்

எடின்பரோ அத்தை: இன்று காலை பக்கத்து வீட்டுப் பாட்டி வானத்தைப் பார்த்துவிட்டு "ட்ரீக்" என்றார். கருமேகமும் குளிரும் விடாத தூறலும் சேர்ந்த நாளுக்கு இங்கே ஸ்காட்லாந்தில் அதுதான் பெயர். வீட்டுக்கு வந்து ஸ்காட்ஸ் அகராதியைப் பார்த்தபோது, தொடக்கத்தில் அது வானிலைச் சொல்லே இல்லை என்பதும், முடிவின்றி நீண்டு சலிப்பூட்டும் பயணத்தையும் பிரசங்கத்தையும், கடனைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பவரையும்கூட அது குறித்தது என்பதும் தெரிந்தது.

பெரியப்பா: ஸ்காட்ஸ் என்பது கேலிக் மொழியா, ஆங்கிலத்தின் வட்டார வழக்கா?

எடின்பரோ அத்தை: இரண்டும் இல்லை, அண்ணா. கேலிக் ஐரிஷ் மொழிக்கு உறவான கெல்டிக் மொழி. ஸ்காட்ஸோ பழைய ஆங்கிலத்தின் வடபகுதிப் பேச்சிலிருந்து கிளைத்து, 15, 16ஆம் நூற்றாண்டுகளில் அரசவையிலும் சட்டங்களிலும் புழங்கிய மொழி. ஸ்காட்லாந்தின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு அதைப் பேசத் தெரியும் என்று பதிவு செய்தார்கள். கொச்சை ஆங்கிலம் என்று சொல்லிப் பள்ளிகளில் பிள்ளைகளைத் திருத்திய காலம் நெடியது என்பதால், 'வட்டார வழக்கு' என்று கேட்டாலே எனக்கு மனம் வருந்துகிறது.

கயல்: அத்தை, 'கிளாமர்' ஸ்காட்ஸ் சொல் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். சரியா?

எடின்பரோ அத்தை: சரிதான், கயல். இலக்கணத்தைக் குறிக்கும் 'கிராமர்' என்ற சொல்லின் திரிபு அது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலராக இருந்த காலத்தில், ஏடு படித்தவருக்கு மந்திரமும் தெரிந்திருக்கும் என்று மக்கள் நம்பினார்கள். அதனால் ஸ்காட்ஸில் 'கிளாமர்' கண்கட்டு வித்தையைக் குறித்தது. ஸ்காட்லாந்து நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் எழுத்துகள் வழியாக ஆங்கில வாசகர்களிடம் பரவியது. அழகு, கவர்ச்சி என்ற பொருளெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

பெரியப்பா: இலக்கணமே மாயமாயிற்று என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இந்த ஸ்காட்ஸ் சொற்களை முதலில் தொகுத்தவர் யார்?

எடின்பரோ அத்தை: ஜான் ஜேமிசன் என்ற மதகுரு 1808இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட அகராதிதான் பெரிய அளவில் முதல் முயற்சி. இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன்: 'த்ரான்'. முறுக்கேறி வளைந்த மரத்தையும் சொல்வார்கள், யார் சொன்னாலும் கேட்காத பிடிவாதக்காரரையும் சொல்வார்கள்.

கயல்: நாமும் கோபித்துக்கொண்டவரை "முறுக்கிக்கொண்டு நிற்கிறார்" என்றுதானே சொல்கிறோம், அத்தை!

எடின்பரோ அத்தை: இத்தனை நாளாக எனக்கு இது தோன்றவேயில்லை, கயல். நாளைக் காலை பாட்டியிடம் இதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.